சிவப்பு நாடாவும் கடலைப் பொட்டலமும்



ஒரு சின்ன வேலை. அளவுகோலை எடுத்து, 11.5 செ.மீ. நீளத்துக்கு ஒரு காகிதத் துண்டு வெட்டுங்கள். அதை உங்கள் மணிக்கட்டில் சுற்றிப் பாருங்கள். உங்களில் பலருக்கு எட்டாது.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்கு, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே கையின் சுற்றளவு இதைவிடக் குறைந்தால், உயிருக்கு ஆபத்து என்று பொருள். இதை அளக்கப் பச்சை, மஞ்சள், சிவப்பு வண்ணமிட்ட நாடா ஒன்று இருக்கிறது. சிவப்பு காட்டினால் உடனே சிகிச்சை தொடங்க வேண்டும்.

"வயிறு நிறையச் சோறு போட்டால் போதாதா?" என்று கேட்பீர்கள். போதாது! நெடுநாள் பட்டினியால் வாடிய உடலுக்குத் திடீரென்று நிறைய உணவு கொடுத்தால் இதயம் தாங்காது. அதனால் முன்பெல்லாம் மருத்துவமனையில் வாரக்கணக்கில் வைத்து, சத்துப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார்கள். மற்ற பிள்ளைகளையும் வயலையும் விட்டுவிட்டு எத்தனை தாய்மார்கள் அங்கே தங்க முடியும்? பால்மாவை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாலோ, அசுத்தத் தண்ணீரில் கரைத்து, வயிற்றுப்போக்கு வந்துவிடும்.

1996-ல் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் ஆந்த்ரே பிரியாண்டும், உணவு தயாரிப்பாளர் மிஷல் லெஸ்கானும் இதற்கு வழி கண்டார்கள். வேர்க்கடலை விழுதுடன் பால்பவுடர், சர்க்கரை, எண்ணெய், வைட்டமின்கள், தாது உப்புகள் சேர்த்த 'பிளம்பி நட்' பிறந்தது. 92 கிராம் பொட்டலத்தில் 500 கலோரி! தண்ணீர் வேண்டாம், அடுப்பு வேண்டாம். முனையைக் கிழித்து அப்படியே சாப்பிடலாம்.

2004-ல் ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் மழை பொய்த்தது. வெட்டுக்கிளிகளும் பயிரைத் தின்றன. 2005-ல் 'எல்லையில்லா மருத்துவர்கள்' அமைப்பு அங்கே 60,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்தது. பசியெடுத்துச் சாப்பிடும் குழந்தைகள் பொட்டலங்களுடன் வீடு திரும்பினார்கள். தாய்மார்கள் வாரம் ஒருமுறை வந்து எடை பார்த்துச் சென்றார்கள். நோய் முற்றியவர்கள் மட்டும் மருத்துவமனையில் தங்கினார்கள். பெரும்பாலான குழந்தைகள் தேறினார்கள். 2007-ல் ஐ.நா. அமைப்புகளும் இந்த முறையை ஏற்றுக்கொண்டன.

கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும்கூடக் கையை அளப்பார்கள். தாய் மெலிந்தால், பிறக்கும் குழந்தையும் எடை குறைந்து பிறக்கலாம் அல்லவா?

ஒரு குழந்தை குணமாக ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். 150 பொட்டலங்கள் கொண்ட ஒரு பெட்டி போதும். வழி தெரிந்துவிட்டது, மருந்தும் கிடைத்துவிட்டது. அப்படியானால் இனி எந்தக் குழந்தையும் பசியால் சாகக் கூடாதே?

சூடானைப் பாருங்கள். 2023 ஏப்ரலில் அங்கே ராணுவத்துக்கும் துணை ராணுவப் படைக்கும் போர் மூண்டது. 2024 ஆகஸ்டில் ஜம்ஜம் இடம்பெயர்ந்தோர் முகாமில் பஞ்சம் உறுதியானது. மருத்துவர்கள் இருந்தார்கள், நாடாவும் இருந்தது. ஆனால் பொட்டலம் ஏற்றிய லாரிகளை உள்ளே வரவிடவில்லை. அந்த அக்டோபரில் சுமார் 5,000 குழந்தைகளின் சிகிச்சை நின்றுபோனது. 2025 பிப்ரவரியில், சண்டை நெருங்கியதால் மருத்துவர்களே வெளியேற வேண்டியதாயிற்று.

செல்வங்களே, இனி செய்தித்தாளில் 'பஞ்சம்' என்ற சொல்லைப் பார்த்தால் இரண்டு கேள்விகள் கேளுங்கள். அங்கே மழை பொய்த்ததா? அல்லது மனிதர்கள் வழியை மறித்தார்களா? மழையை நம்மால் வரவழைக்க முடியாது. மறித்த வழியைத் திறக்க மனிதர்களால் முடியும்.

வெட்டிய காகிதத் துண்டை எறிந்துவிடாதீர்கள். நாளை வகுப்பில் உங்கள் நண்பரிடம் காட்டி, அது என்ன அளவு என்று சொல்லுங்கள்.