தடுப்பதை மட்டும் பார்க்காதீர்கள்

வானிலைச் செய்மதிப் படம் பிடிக்கும் ஆசையில் எஸ்.டி.ஆர். டொங்கிள் வாங்கும் சிலர், ஒரே வாரத்தில் அதை லாச்சிக்குள் போட்டுவிடுகிறார்கள். "டொங்கிள் சரியில்லை" என்பார்கள். நகரத்தில் இருப்பவர்கள் முதலில் சந்தேகப்பட வேண்டியது டொங்கிளை அல்ல, பக்கத்து எஃப்.எம். கோபுரத்தை.

ரொறன்ரோவில் 553 மீற்றர் உயர சி.என். கோபுரத்திலிருந்து பல எஃப்.எம். நிலையங்கள் ஒலிபரப்புகின்றன. எஃப்.எம். இருப்பது 88 முதல் 108 மெகாஹேர்ட்ஸ் வரை. ரஷ்யாவின் மெற்றியோர்-எம் செய்மதிகள் படம் அனுப்புவது 137 மெகாஹேர்ட்ஸ் பக்கத்தில். ஆனால் மலிவு டொங்கிளின் முதல் பெருக்கிக்குள் எல்லாமே ஒன்றாகத்தான் நுழைகின்றன. பலத்த எஃப்.எம். அதைத் திணறடித்தால் மெல்லிய செய்மதிச் சிக்னல் அமுங்கிப் போகும். அந்த நேரத்தில் இன்னொரு பெருக்கி வாங்கிப் பூட்டுவது, கூச்சல் போடும் கூட்டத்துக்கு மைக் கொடுப்பது போல.

இதற்குத்தான் எஃப்.எம். தடுப்பு ஃபில்டர். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது அது எவ்வளவு தடுக்கிறது என்பதுதான். 30 டெசிபெல் என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு சக்தியே உள்ளே வரும். நல்லதுதான். ஆனால் 137-இல் எவ்வளவு இழக்கிறோம்? அங்கே 3 டெசிபெல் போனால், நமக்கு வேண்டிய சிக்னலில் பாதி போய்விட்டது. என்னைப் பொறுத்தவரை, இரண்டாவது எண்ணைச் சொல்லாத ஃபில்டரைச் சோதிக்காமல் நம்பக்கூடாது.

சோதிப்பது கஷ்டமில்லை. பல்கலைக்கழக ஆய்வுகூடத்திலோ நண்பரிடமோ நனோ வி.என்.ஏ. இருந்தால், முதலில் அளவுத்திருத்தம் செய்துவிட்டு 50 முதல் 200 மெகாஹேர்ட்ஸ் வரை வரைபடம் எடுங்கள். 88–108 பள்ளமாகவும், 137 கிட்டத்தட்ட மேலேயும் இருக்க வேண்டும்.

கருவி இல்லையா? டொங்கிளே போதும். தானியங்கி கெயினை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் அது வித்தியாசத்தை மறைத்துவிடும். கெயினைக் குறைத்து வைத்து, உள்ளூர் எஃப்.எம். நிலையம் ஒன்றை ஃபில்டர் இல்லாமலும் ஃபில்டருடனும் பாருங்கள். பிறகு செய்மதி கேட்க வைக்கும் கெயினில், 144–148 மெகாஹேர்ட்ஸில் ஒரு அமெச்சூர் ரிப்பீற்றரை அதே மாதிரி ஒப்பிடுங்கள். சிக்னலின் உயரத்தைப் பார்க்காதீர்கள். சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். அது கூடினால் ஃபில்டர் வேலை செய்கிறது. கூடவில்லை என்றால், ஃபில்டர் சரியாக இருந்தாலும் உங்கள் வீட்டுக்கு அது தேவைப்படாமல் இருக்கலாம். திருப்பிக் கொடுத்துவிட்டு அந்தக் காசில் நல்ல ஆன்டெனா கட்டுங்கள்.

யாரோ போட்ட ஐந்து நட்சத்திரம் அவர்கள் வீட்டுக் கூரைக்குத்தான் பொருந்தும். உங்கள் கூரைக்கும் கோபுரத்துக்கும் எவ்வளவு தூரம் என்பது அவர்களுக்குத் தெரியாது. அரை மணி நேரம் ஒதுக்கி நீங்களே அளந்து பாருங்கள்.