நான்கு நிமிஷ தேகாப்பியாசம்

தேகாப்பியாசத்துக்கு அவகாசமில்லை என்போர் நம்மில் அநேகர். அந்தச் சமாதானம் இனிச் செல்லாதென்பதே நமது அபிப்பிராயம். ஜப்பானிய விஞ்ஞானி இஸுமி தபாடாவும் அவர் சகாக்களும் 1996-ஆம் வருஷத்தில் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டனர். நிலைச் சைக்கிளில் 20 விநாடி கடும் உழைப்பு, 10 விநாடி ஓய்வு. இவ்வாறு ஏழெட்டு முறை. ஆறே வாரங்களில் வாலிபர்களின் பிராணவாயுவைக் கிரகிக்கும் சக்தி கணிசமாக விருத்தியடைந்தது.

இம்முறை பலசாலிகளுக்கே உரியதென்று எண்ணுவது பிசகு. கடுமை என்பது அவரவர் தேக நிலைமையைப் பொறுத்ததே. வாலிபனுக்குத் தண்டாலும் பஸ்கியும் எப்படியோ, அப்படியே முதியவருக்கு நாற்காலியிலிருந்து எழுந்தமர்தல், நடக்கவியலாதவருக்குக் கைவீச்சு. நோயுற்றோர் வைத்தியரைக் கலந்து மெல்லத் தொடங்குவார்களாக. மெலிந்த பிள்ளைகளை மைதானத்து ஓரத்தில் உட்கார வைக்கும் பாடசாலை வழக்கம் இனியேனும் ஒழிக!