ஜப்பான் மறுத்ததா, எக்ஸ்பாக்ஸ் எழுந்து போனதா?

இலக்கியம் பேசும் இடத்தில் வீடியோ விளையாட்டுப் பெட்டிகளுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். பொறுத்தருள்க. இதில் ஒரு சிறுகதை ஆசிரியர் வருகிறார். அவருக்காகவே இதை எழுதுகிறோம். அவரிடம் போய்ச் சேரச் சற்றுச் சுற்றுவழி நடக்க வேண்டியிருக்கிறது.

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எக்ஸ்பாக்ஸ், 2002 முதல் ஜப்பானில் வேரூன்ற முயன்று வருகிறது, முடியவில்லை. காரணம் கேட்டால் ஆயத்தமாக ஒரு பதில் கிடைக்கும்: ஜப்பானியர் அன்னியர் செய்த பொருளைத் தொடமாட்டார்கள். இந்தப் பதிலை நாம் ஏற்கவில்லை. ஐபோனைத் தலையில் வைத்துக் கொண்டாடிய தேசம் அது. இன்னொரு விசித்திரமும் உண்டு. 2014-ல் மைக்ரோசாஃப்ட் விலைக்கு வாங்கிய மைன்கிராஃப்ட், ஜப்பானியச் சிறுவர்களின் கைகளில் ஓயாமல் ஓடியது. ஆனால் நின்டெண்டோவின் ஸ்விட்ச் கருவியில். அன்னியச் சரக்கு விலைபோகிறது, அன்னியப் பெட்டிதான் விலைபோகவில்லை என்றால், காரணத்தை வேறிடத்தில் தேடுவதுதானே முறை?

முதல் எக்ஸ்பாக்ஸ் 2002 பிப்ரவரி 22 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. விலை 34,800 யென். தோக்கியோவின் ஷிபுயா பகுதிக்குப் பில் கேட்ஸே நேரில் வந்திருந்தார். பெட்டி பெரிது, கனமும் அதிகம். அமெரிக்காவில் அதனோடு தந்த கன்ட்ரோலர் இரு கைகளுக்கும் அடங்காத பருமன். ஆகையால் ஜப்பானுக்கென்றே சிறியதாக ஒன்றைச் செய்தார்கள். பின்னர் அமெரிக்கர்களும் அந்தச் சிறியதையே விரும்ப, அதுவே உலகெங்கும் வழக்கமாயிற்று. ஜப்பானியர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டதால் கிடைத்த நன்மை அது. அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்தக் காது அவ்வளவாகத் திறந்திருக்கவில்லை என்பதே நம் குறை.

வட்டுகளில் கீறல் விழுகிறதென்ற புகார் தொடக்கத்திலேயே எழுந்தது. கடைசிவரை அந்தப் பெட்டி ஜப்பானில் ஐந்து லட்சத்தை எட்டவில்லை. சோனியின் பிளேஸ்டேஷன் 2 அங்கே இரண்டு கோடியைத் தாண்டியது.

பெயரைப் பற்றியும் ஒரு கதை சொல்வார்கள். ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைக்கு விடைத்தாளில் வட்டம் என்றால் சரி, பெருக்கல் குறி என்றால் தவறு. பிளேஸ்டேஷனிலும் அப்படியே வட்டப் பொத்தான் சம்மதம், பெருக்கல் பொத்தான் மறுப்பு. அந்தத் 'தவறு' குறியைப் பெயரின் முகப்பிலேயே தாங்கி வந்தால் யார் வாங்குவார்கள் என்பது கதை. சுவையான கதைதான், ஆனால் நமக்கு நம்பிக்கையில்லை. 2020-ல் பிளேஸ்டேஷன் 5 வந்தபோது சோனியே ஜப்பானில் பெருக்கல் குறியைச் சம்மதப் பொத்தானாக்கிவிட்டது. முணுமுணுப்பு எழுந்தது, பெருக்கல் குறிக்காக அந்தப் பெட்டியை ஒரு தேசமே ஒதுக்கிவிடவில்லை.

2005 டிசம்பர் 10 அன்று எக்ஸ்பாக்ஸ் 360 வந்தது. முதல் இரண்டு நாள்களில் ஏறத்தாழ 62,000 பெட்டிகளே விற்றன. ஆனால் இம்முறை மைக்ரோசாஃப்ட் ஓர் அருமையான காரியம் செய்தது. ஃபைனல் ஃபேன்டஸி வரிசையைப் படைத்த ஹிரோனொபு சகாகுச்சியைத் தேடிச் சென்றது. அவர் 2006 டிசம்பரில் புளூ டிராகனைத் தந்தார். பாத்திரங்களை வரைந்தவர் டிராகன் பால் தந்த அகிரா தொரியாமா. அந்த வாரங்களில் பெட்டியின் விற்பனை துள்ளி எழுந்தது. மறு ஆண்டு டிசம்பரில் வந்தது லாஸ்ட் ஒடிஸி. இங்கேதான் நம் சிறுகதை ஆசிரியர் வருகிறார்.

அவர் கியோஷி ஷிகெமட்சு. 'விட்டமின் எஃப்' தொகுப்புக்காக 2001-ல் நவோகி விருது பெற்றவர். சாதாரணக் குடும்பங்களின் சிறு காயங்களை எழுதுகிறவர். அவரைச் சகாகுச்சி அழைத்து வந்து, ஆயிரம் ஆண்டுகளாகச் சாவின்றித் திரியும் கைம் என்ற வீரனின் நினைவுகளைச் சிறுகதைகளாக எழுதச் செய்தார். முப்பதுக்கும் மேற்பட்ட கதைகள். விளையாட்டின் நடுவே ஒரு நினைவு திறக்கும், போர் நிற்கும், ஓவியங்கள் கதை சொல்வதில்லை, மங்கிய பின்னணியில் எழுத்துகள் மட்டும் மெல்லத் தோன்றும். கன்ட்ரோலரைப் பிடித்த கை பக்கம் புரட்டுகிறது, அவ்வளவே. ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் ஹருகி முரகாமியை ஆங்கில வாசகருக்குக் கொண்டுசேர்த்த ஜே ரூபின்.

ஒரு கதையில், பிறவி நோயால் படுக்கையை விட்டு எழாத ஹன்னா என்னும் சிறுமி இருக்கிறாள், ஒரு விடுதியில். அங்கே அடிக்கடி தங்கும் கைம், தான் சென்ற ஊர்களைப் பற்றி அவளுக்குச் சொல்வான். போர்க்களத்தைத் தவிர்த்துவிட்டு வானத்தையும் கடலையும் சொல்வான். அவள் சாகும் தறுவாயில், நீ ஒரு பயணம் புறப்படுகிறாய் என்கிறான். அவள் போகும் இடத்திற்கு அவனால் ஒருபோதும் போக முடியாது. சாகாதவனுக்கு மறுமைச் சந்திப்பு இல்லை. இதை எழுதுவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! இதற்கு இடம்கொடுத்துப் பணமும் கொடுத்த வகையில் மைக்ரோசாஃப்டுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டே மேலே செல்கிறோம்.

பிறகு நடந்ததுதான் வருத்தம். 2008 ஆகஸ்டில் நாம்கோ பண்டாயின் டேல்ஸ் ஆஃப் வெஸ்பீரியா வெளிவந்ததும் ஜப்பானியக் கடைகளில் எக்ஸ்பாக்ஸ் 360-க்குத் தட்டுப்பாடே வந்தது. கூட்டம் வாசலுக்கு வந்துவிட்டது. உள்ளே சரக்கு இல்லை. மறு ஆண்டே அதே விளையாட்டு, புதிய பாத்திரம் ஒன்றும் சேர்ந்து, பிளேஸ்டேஷன் 3-ல் வந்தது. ஆசையோடு எக்ஸ்பாக்ஸை வாங்கியவன் என்ன நினைத்திருப்பான்? லாஸ்ட் ஒடிஸிக்குத் தொடர்ச்சி வரவில்லை. சகாகுச்சியின் அடுத்த பெரிய படைப்பான தி லாஸ்ட் ஸ்டோரி, 2011 ஜனவரியில் நின்டெண்டோவின் வீ கருவிக்குப் போய்விட்டது.

எதிர்வாதத்திலும் நியாயம் உண்டு. அந்த ஆண்டுகளில் ஜப்பானிய விளையாட்டே தொலைக்காட்சிப் பெட்டியை விட்டு இறங்கி, ரயிலில் கைக்கருவிக்கு மாறிக்கொண்டிருந்தது. டிராகன் குவெஸ்ட் ஒன்பதாம் பாகமே 2009-ல் நின்டெண்டோ டிஎஸ்ஸில்தான் வந்தது. சோனியின் பிளேஸ்டேஷன் 3-ம் அங்கே தடுமாறியது. எனினும் எக்ஸ்பாக்ஸ் 360 ஜப்பானில் பதினாறு லட்சம் அளவுக்கு விற்றிருந்தது; முதல் பெட்டியைப்போல் மூன்று மடங்கு. பயிர் முளைத்திருந்தது என்றுதானே பொருள்? அதற்குப் பாய்ச்ச வேண்டிய தண்ணீர் எங்கே போயிற்று? அடுத்ததான எக்ஸ்பாக்ஸ் ஒன், அமெரிக்காவில் 2013 நவம்பரில் வந்தது. ஜப்பானுக்கு 2014 செப்டம்பர் 4 வரை வரவில்லை. நம் இந்தியாவுக்கும் அதே மாதம்தான் வந்தது. நமக்குக் காத்திருப்பது பழக்கம். விளையாட்டுக் கலையின் தாய்வீடுகளில் ஒன்றான தேசத்தைப் பத்து மாதம் வரிசையில் நிறுத்தினால் என்ன ஆகும்? முதல் வாரத்தில் 24,000-கூட விற்கவில்லை. மொத்தமும் ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியதோடு சரி.

2020 நவம்பரில் அடுத்த பெட்டியை உலகத்தோடு ஒரே நாளில் ஜப்பானுக்கும் தந்தார்கள். பாடம் கற்றுவிட்டார்கள் என்று நாமும் மகிழ்ந்தோம். தோக்கியோவில் மைக்ரோசாஃப்டுக்குச் சொந்தமான டாங்கோ கேம்வொர்க்ஸ், 2023 ஜனவரியில் ஹைஃபை ரஷ் என்ற விளையாட்டைத் தந்தது. பலரும் பாராட்டினார்கள், 2024 ஏப்ரலில் பாஃப்டா விருதும் பெற்றது. மே மாதம் அந்த நிறுவனத்தை மூடுவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஆகஸ்டில் கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் அதைக் கையேற்றது. இதையும் ஜப்பானியர் அன்னியரை வெறுப்பதன் கணக்கில் எழுதுவார்களா?

ஷிகெமட்சுவின் கதைகளை கோடன்ஷா 2007-லேயே தனி நூலாக அச்சிட்டுவிட்டது. பெட்டி இல்லாதவரும் ஜப்பானிய மொழியில் படிக்கலாம். எங்கள் குழுவில் படித்தவர்கள் ரூபினின் ஆங்கிலத்தில், விளையாட்டுத் திரையில்தான் படித்தோம். ஜப்பானிய மொழி அறிந்த தமிழ் நண்பர் யாரேனும் உரிய அனுமதி பெற்று மூலத்திலிருந்தே தமிழாக்க முன்வந்தால், ஹன்னாவின் கதையிலிருந்து தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.