விண்டேஜாம், விண்டேஜ்!

வீட்டில கழுவின கலர் பிலிம் நிறம் செத்து, கருமை ஏறி வந்தா உடன ‘விண்டேஜ் லுக்’ எண்டு பெயர் வைக்கிறதை நிப்பாட்டுவம். அது ப்ளீச் காணாமல் பிலிமில தங்கின வெள்ளி. கலர் நெகட்டிவில வெள்ளி முழுக்கப் போய், சாயம் மட்டும்தான் மிஞ்சவேணும். ப்ளீச்சும் பிக்சரும் ஒண்டாக் கலந்த ‘ப்ளிக்ஸ்’ பழசாகினாலோ குளிர்ந்தாலோ இதுதான் நடக்கும். எறியாதேங்கோ. புதுசாக் கலந்து திரும்பவும் அதில போடுங்கோ; வெளிச்சத்திலயே செய்யலாம், இருட்டறை தேவையில்லை.

டெவலப்பரில பிழைச்சால்தான் மீட்சியில்லை. சி-41 முறை கேட்கிறது 37.8 பாகை செல்சியஸ், 3 நிமிடம் 15 செக்கன். ‘எங்கட குழாய்த் தண்ணியே சூடுதானே’ எண்டு விட்டால் நிறங்கள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும், ஸ்கானரிலயும் முழுசாத் திருத்தேலாது. தெர்மாமீட்டருக்குக் காசில்லையாம், பிலிம் ரோல் மட்டும் எப்பிடி வாங்கினவை?