வயிற்று வலியும் வீண் பழியும்

வயிற்றில் வலி வந்தால் "கேஸ்" என்று தாமே முடிவு கட்டி, மருந்துக் கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவது மும்பைத் தமிழர்களிடையே பழக்கமாகிவிட்டது. காலை லோக்கலைத் தவறவிட்டால் ஒரு நாள் கூலி போய்விடும் என்ற நிலையில் இருப்பவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் மாதக் கணக்கில் வந்து வந்து போகும் வலி எல்லாம் கேஸ் அல்ல. அவற்றில் ஒன்று கணையத்தின் வலியாக இருக்கக்கூடும் என்பது பலருக்குத் தெரியாது.

கணையம் என்பது இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கும் உறுப்பு. உண்ட உணவைச் செரிக்கவைக்கும் நீரையும் இன்சுலினையும் அதுதான் சுரக்கிறது. அது நாள்பட வீங்கி, தழும்பேறி, குழாயில் கல் அடைத்துக்கொள்ளும் நோயே நாள்பட்ட கணைய அழற்சி. மேல் வயிற்றில் தோன்றும் வலி முதுகுக்குப் பாயும். சாப்பிட்டபின் கூடும். மல்லாந்து படுத்தால் தாங்காது. உட்கார்ந்து முன்பக்கம் குனிந்தால் சற்றே தணியும். நோய் முற்றும்போது மலம் வெளுத்து, எண்ணெய்ப் பிசுக்குடன், நாற்றமெடுத்து மிதக்கும். நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு இளைக்கும். பிறகு சர்க்கரை நோயும் வந்து சேரும். இந்தக் குறிகளில் மலத்தைப் பற்றியதை மட்டும் யாரும் மருத்துவரிடம் சொல்வதில்லை. கூச்சம். பொதுக் கழிப்பறையில் வரிசையில் நின்று அவசரமாக வெளியேறுகிறவன் அதைக் கவனிப்பதும் அரிது.

இன்னொரு தொல்லையும் உண்டு. கணைய வலிக்கென்று செய்யும் அமைலேஸ் ரத்தப் பரிசோதனை, நாள்பட்ட நோயில் சரியாகவே இருக்கலாம். "ரத்தத்தில் ஒன்றுமில்லை" என்று கேட்டதும் நோயாளி நிம்மதியாக வீடு திரும்புகிறார். உடனிருப்போர் அவர் நடிக்கிறார் என்கிறார்கள். ஸ்கேனில்கூடத் தொடக்க நிலை தப்பிவிடும். வலி தொடர்ந்தால் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமா என்று கேட்பதில் தவறில்லை. கே.இ.எம்., சயான் போன்ற மாநகராட்சி மருத்துவமனைகளில் குடல் நோய்ப் பிரிவே தனியாக இருக்கிறது. கேஸ் பேப்பர் எடுத்து வரிசையில் நிற்கும் ஒரு நாள், மருந்துக் கடையில் கழியும் ஓராண்டைவிட மலிவானது.

நோயின் பெயர் தெரிந்த பிறகுதான் பெரிய துன்பம் தொடங்குகிறது. "குடித்தாயா?" என்பதே எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. குடி இந்நோய்க்குப் பெரிய காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு சொட்டும் தொடாதவர்களுக்கும், பெண்களுக்கும், பள்ளிப் பிள்ளைகளுக்கும் இது வருகிறது. அதுவும் தென்னிந்தியாவில் நிறையவே வந்திருக்கிறது. 1959-ல் ஸூய்டெமா என்ற மருத்துவர் இந்தோனேசியாவின் ஏழை நோயாளிகளிடம் இதைக் கண்டெழுதினார். அதையடுத்துக் கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் ஏராளமான நோயாளிகளை ஆராய்ந்தார். சிறு வயதிலேயே வலி தொடங்கி, வாலிபத்தில் சர்க்கரை நோயாளிகளாகி மெலிந்தவர்கள் அவர்கள். மரவள்ளிக் கிழங்கின் மேல் அப்போது பழி விழுந்தது. கிழங்கே உண்ணாத ஊர்களிலும் நோய் இருப்பது தெரிந்ததும் அந்தக் கருத்து வலுவிழந்தது. ஸ்பிங்க்-1 என்ற மரபணுவில் உள்ள மாற்றம் நோய்க்கு இடமளிக்கிறது என்று பின்னர் கண்டார்கள். பிறவியிலேயே கூட வரும் ஒன்றுக்காக ஒருவனைக் குடிகாரன் என்று தூற்றுவதும், அவன் தங்கைக்கு வந்த சம்பந்தத்தைத் தட்டிவிடுவதும் என்ன நியாயம்?

குடிப்பவர்களுக்கு இது சமாதானம் ஆகிவிடக் கூடாது. நோய் வந்தபின் "கொஞ்சமாக" என்ற பேச்சே கிடையாது. பீடி, சிகரெட்டும் அப்படியே. கணையத்தைக் கெடுப்பதில் புகைக்குத் தனிப் பங்கு உண்டு. சாராயத்தை விட்டவர் பீடியை மட்டும் ஆறுதலுக்கு வைத்துக்கொள்வது பாதிக் கதவை மூடிய கதைதான்.

கெட்டுப்போன கணையம் பழைய நிலைக்குத் திரும்பாது. ஆனாலும் இந்நோயுடன் வேலை செய்து, பிள்ளை குட்டியுடன் வாழ முடியும். செரிமான நொதி அடங்கிய காப்சூலைச் சாப்பாட்டோடு சேர்த்தே விழுங்க வேண்டும். டப்பாவைக் காலி செய்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து விழுங்கினால் காசுதான் வீண். பன்றியின் கணையத்திலிருந்து அது தயாராவதால் சிலர் தயங்குகிறார்கள். மருந்தாக எண்ணி ஏற்பவர் பலர். தயக்கமிருந்தால் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் நிறுத்திவிட்டு எலும்பும் தோலுமாவது கூடாது. எண்ணெயை அறவே தள்ளி வெறுங் கஞ்சியில் கிடக்கும் பத்தியமும் எல்லோருக்கும் வேண்டியதில்லை. சிறுகச் சிறுக ஐந்தாறு வேளை, பருப்பு, முட்டை, மீன், மோர் என்று சத்துள்ளதாகச் சாப்பிடலாம். வடாபாவும் கட்டிங் சாயுமே மதியச் சாப்பாடாக இருப்பது உதவாது.

இன்சுலின் போடுகிறவர் சட்டைப் பையில் சர்க்கரையோ மிட்டாயோ வைத்திருப்பது அவசியம். இந்நோயில் சர்க்கரை திடீரென்று மிகவும் இறங்கிவிடக்கூடும்; நெரிசல் ரயிலில் மயங்கி விழுபவரையும் உலகம் குடிகாரன் என்றே நினைக்கும். வலி மாத்திரைகளைத் தானாகக் கூட்டிக்கொண்டே போவதும் ஆபத்து. சில மாத்திரைகள் ஆளையே அடிமையாக்கிவிடும். கண் மஞ்சளானாலோ, காய்ச்சலுடன் ஓயாத வாந்தி வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கல்லை அதிர்வலையால் உடைத்து உள்நோக்கிக் குழாய் வழியே எடுக்கும் சிகிச்சை உண்டு. அறுவை சிகிச்சையும் உண்டு. குழாய் அடைத்துக் கடும் வலியால் துன்புறுவோருக்கு, அறுவையை முதலிலேயே செய்தால் வலி கூடுதலாகக் குறைகிறது என்று 2020-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு காட்டியது. "கத்தி வைத்தால் அவ்வளவுதான்" என்று ஊருக்கு ஓடிப்போவோர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

நிர்வாகங்களுக்கும் பொறுப்பு இருக்கிறது. ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் தகுதியுள்ள தொழிலாளி ஓராண்டில் 91 நாள்வரை 70 சதவீதச் சம்பளம் பெறலாம் என்று இருந்தாலும், சிறு பட்டறைகளில் பெயரையே பதிவு செய்யாத முதலாளிகள் உள்ளனர். அலுவலகங்களிலோ, மாதம் ஒரு முறை சிக் சர்டிபிகேட் கொண்டுவரும் குமாஸ்தாவை மேலதிகாரி சோம்பேறி என்று குறித்துவைக்கிறார். வலி இல்லாத நாட்களில் இந்நோயாளி எல்லோரையும் போலவே தோன்றுவார். சந்தேகத்துக்குக் காரணம் அதுதான். மதியத்துக்கு முன் ஒரு கவளம் சாப்பிட ஐந்து நிமிடமும், இரவு ஷிப்டிலிருந்து விலக்கும் கொடுத்தால் எந்த ஆபீசும் நின்றுவிடாது. நொதிக் காப்சூல் விலை அதிகம். அது தினமும் தேவைப்படும் மருந்து. அரசு மருந்தகங்களிலும் ஈ.எஸ்.ஐ. மருந்தகங்களிலும் அது தட்டுப்பாடின்றிக் கிடைக்கச் செய்யும்படி தமிழ்ச் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து மனுக் கொடுக்க வேண்டும். பொங்கல் விழாவுக்கு மந்திரியை அழைக்கப் போகிறவர்கள் அந்த மனுவையும் கையோடு எடுத்துச் செல்லலாம்.