பொறுத்தால் பஞ்சு... அவசரப்பட்டால் சக்கை!

பேரனுக்குப் பிறந்தநாள். "என்னடா ராஜா வேணும்?" என்று கேட்டேன். கேசரி என்பான், பாயசம் என்பான் என்று நினைத்தால், "பார்பெக்யூ ரிப்ஸ், பாட்டி!" என்கிறான். அவன் பிறந்து வளர்வது அமெரிக்காவில், கன்சாஸ் சிட்டியில். நமக்கு ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்பு எப்படியோ, அப்படித்தான் அந்த ஊர்க்காரர்களுக்குப் பன்றி விலாக்கறி. விறகுப் புகையில் மணிக்கணக்கில் வேகவைத்து, தக்காளியும் வெல்லப்பாகும் சேர்த்த கெட்டி சாஸ் தடவிச் சாப்பிடுகிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹென்றி பெர்ரி என்ற கறுப்பினச் சமையல்காரர் அங்கே ஆரம்பித்து வைத்த பழக்கம் இது.

பன்றிக்கறி வீட்டுப் பக்கமே வராது என்கிறவர்கள் தாராளமாக அடுத்த பக்கத்துக்குப் போகலாம். சாப்பிடுகிறவர்களும், என்னை மாதிரி பிள்ளைகள் வீட்டுக்கு அமெரிக்கா போய் வருகிறவர்களும் கொஞ்சம் இருங்கள். உங்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது!

என் மருமகள் வேலைக்குப் போகிறவள். ஆறு மணிக்கு வந்து ஏழரைக்குள் சாப்பாடு மேஜைக்கு வந்தாக வேண்டும். விலாக்கறியைக் குக்கரில் தண்ணீர் ஊற்றி வேகவைத்தாள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கறியைத் தட்டில் அடுக்கி, கடையில் வாங்கின சாஸை ஊற்றி, 230 டிகிரி சூட்டில் ஓவனுக்குள் தள்ளினாள். வெளியே எடுத்தால் மேலே கரி, உள்ளே சக்கை. ருசி இல்லையே என்று மேலும் சாஸ், மேலும் சாஸ்... பாட்டில் காலி! என் வீட்டுக்காரர் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறவர். அவரும் விரலைச் சப்பிச் சப்பிச் சாப்பிட்டார். மறுநாள் காலையில் மெஷினைக் கட்டிப் பார்த்தால் 168/100. ரிப்ஸ்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ராத்திரி அவர் சரியாகத் தூங்கவும் இல்லை. ஆனாலும் எனக்குப் பகீரென்றது. குப்பைத் தொட்டியிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்து லேபிளைப் படித்தேன்.

இரண்டு டேபிள்ஸ்பூன் சாஸில் 13 கிராம் சர்க்கரை, சுமார் 300 மில்லிகிராம் சோடியம். இரண்டு ஸ்பூனோடு யார் நிறுத்துகிறார்கள், சொல்லுங்கள்? ஒருவர் தட்டில் ஆறு ஸ்பூன் விழுந்தால் கிட்டத்தட்ட பத்து டீஸ்பூன் சர்க்கரை. பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுக்க 2000 மில்லிகிராம் சோடியத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் கிட்டத்தட்ட பாதி அந்த ஒரு தட்டிலேயே போய்விடும், கறியில் போட்ட உப்பைச் சேர்க்காமலே!

பன்றிக்கறி ஆகாது, கொழுப்பு என்று எல்லோரும் கறியையே திட்டுகிறோம். கொழுப்பு உண்டுதான். சமைத்த ஸ்பேர் ரிப்ஸ் 100 கிராமில் ஏறக்குறைய 30 கிராம். மாதத்துக்கு ஒரு தடவை, ஆளுக்கு நாலு எலும்பு என்று நிறுத்திக்கொள்ள வேண்டிய பண்டம்தான். ஆனால் அந்த பாட்டிலை யாரும் திட்டுவதில்லை. கறியை அவசரப்படுத்திக் கெடுத்துவிட்டு, கெட்டதை மறைக்கத்தான் சாஸை ஊற்றுகிறோம் என்பது என் கட்சி. கறி ஒழுங்காக வெந்திருந்தால் அவ்வளவு சாஸ் கேட்கவே கேட்காது.

ஏன் என்று கேட்பீர்கள். விலா எலும்பை ஒட்டிய சதையில் கொலாஜன் என்ற நார்ப்பொருள் ஏராளம். கடித்தால் ரப்பர் மாதிரி இழுப்பது அதுதான். சுமார் 70 டிகிரி சூட்டுக்கு மேல் அது மெல்ல மெல்லக் கரைந்து ஜெலட்டினாக மாறும். கறி மெத்தென்று, வழவழப்பாக ஆவது அதனால்தான். சூட்டைக் கூட்டினால் அதற்குள் சதை சுருங்கிச் சாறு வெளியேறிவிடும். குக்கரிலும் கொலாஜன் கரையும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ருசி தண்ணீரில் இறங்கிவிடும். பன்றிக்கறியில் நிறைந்திருக்கிற பி1 வைட்டமினிலும் ஒரு பங்கு அந்தத் தண்ணீரோடு சிங்க்கில் போகும்.

அடுத்த தடவை நான் களத்தில் இறங்கினேன். கடையில் 'பேபி பேக்' என்று கேட்டு வாங்கினோம். முதுகெலும்புப் பக்கத்து விலா இது, வயிற்றுப் பக்கத்து ஸ்பேர் ரிப்ஸைவிடக் கொழுப்பு குறைவு. எலும்புப் பக்கம் ஒரு வெள்ளை ஜவ்வு ஒட்டியிருக்கும். ஸ்பூன் காம்பால் ஓரத்தில் கிளப்பி, டிஷ்யூ பேப்பரால் பிடித்து இழுத்தால் சர்ரென்று உரிந்து வரும். இதை விட்டுவிட்டால் எத்தனை மணி நேரம் வேகவைத்தாலும் பல்லில் மாட்டும், மசாலாவும் உள்ளே இறங்காது. பிறகு மிளகுத்தூள், காரமில்லாத மிளகாய்த்தூளான பாப்ரிகா, பூண்டுத்தூள், கொஞ்சம் கடுகுத்தூள், ஒரு டீஸ்பூன் உப்பு. அவ்வளவுதான். தடவி, அலுமினிய ஃபாயிலில் இரண்டு சுற்று இறுக்கமாகச் சுற்றி, ட்ரேயில் வைத்து, 135 டிகிரி ஓவனில் இரண்டரை மணி நேரம். ஸ்பேர் ரிப்ஸ் என்றால் மூன்று, மூன்றரை. அமெரிக்க ஓவனில் 275 என்று வையுங்கள், அங்கே ஃபாரன்ஹீட் கணக்கு.

"மூணு மணி நேரத்துக்கு எங்கே போறது அத்தை?" என்றாள் மருமகள். நியாயமான கேள்விதான். ஆனால் பக்கத்தில் நின்று கிளற வேண்டியதில்லையே! சனிக்கிழமை மத்தியானம் வைத்துவிட்டு, துணி துவைத்து, பேரனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து, ஒரு குட்டித் தூக்கமும் போட்டேன்.

இடுக்கியால் தூக்கினால் பட்டை நடுவில் வளைந்து மேலே லேசாக வெடிக்க வேண்டும், எலும்பு நுனி சற்று வெளியே தெரிய வேண்டும். அதுதான் பதம். தொட்டதும் எலும்பிலிருந்து கழன்று விழுந்தால் பிரமாதம் என்று நினைக்கிறோமே, அந்த ஊர்ப் போட்டிகளில் அது அதிகமாக வெந்துவிட்டது என்று மார்க்கைக் குறைத்துவிடுவார்கள்!

நாடாப்புழு பயமா? முழுத்துண்டுப் பன்றிக்கறி உள்ளே 63 டிகிரியைத் தொட்டு, மூன்று நிமிடம் ஆறினால் போதும் என்று அமெரிக்க வேளாண்துறை 2011-ல் அறிவித்தது. ரிப்ஸ் மெத்தென்று ஆவதற்குள் 90-ஐத் தாண்டிவிடும். பச்சைக் கறி பட்ட பலகையிலேயே வெங்காயம் வெட்டாமல் இருக்கிறோமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஃபாயிலைப் பிரித்ததும் தேங்கியிருக்கும் சாற்றை ஒரு கிண்ணத்தில் வடித்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். மேலே உறைந்த கொழுப்பை வழித்து எறிந்தால் அடியில் ஜெல்லி மாதிரி சாறு. மறுநாள் வேகவைத்த பீன்ஸில் சேர்த்தோம். உப்புப் போடாத தக்காளிக் கூழ் ஒரு கப், ஆப்பிள் வினிகர் நாலு ஸ்பூன், பூண்டு, மிளகு, இரண்டு டீஸ்பூன் பிரவுன் சர்க்கரை, இவற்றைக் கொதிக்கவிட்டால் சாஸ் தயார். கறியிலேயே உப்பு இருப்பதால் இதில் உப்பு வேண்டாம். மேலே மெல்லிசாகத் தடவி, ஓவனின் மேல் சூட்டில் மூன்று நிமிடம் மட்டும். அந்த மூன்று நிமிடமும் ஓவன் கதவை விட்டு நகராதீர்கள். கரி பிடித்த கறியில் புற்றுநோய்க்கு வழிகாட்டக்கூடிய ரசாயனங்கள் உண்டாகின்றன.

"இது பார்பெக்யூ இல்லை, புகை எங்கே?" என்றார் பக்கத்து வீட்டு அமெரிக்கர். வாஸ்தவம்தான், பார்பெக்யூ என்று நானும் சொல்லவில்லை. ஐந்து எலும்பு சாப்பிட்டுவிட்டுத்தான் அவரும் அதைச் சொன்னார். பேரன் பழக்கதோஷத்தில் ஃப்ரிட்ஜிலிருந்து புது சாஸ் பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்திருந்தான். சாப்பிட்டு முடித்து நான் மேஜையைத் துடைத்தபோது அதன் சீல் அப்படியே இருந்தது.