டிரான்ஸ் இசை தேய்கிறதா? குறைந்தது தரமா, கூட்டமா, பொறுமையா?

“அந்தக் காலத்து டிரான்ஸ் மாதிரி இப்ப எங்க வருது?” மின்னணு நடன இசையை இருபது, இருபத்தைந்து வருடங்களாகக் கேட்டு வருபவர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தக் கேள்வி எழாமல் இருப்பதில்லை. “பாட்டு எல்லாம் ஒரே மாதிரி இருக்கு”, “பெரிய டி.ஜே.க்கள் எல்லாம் வேறு பக்கம் போயிட்டாங்க”, “கூட்டம் குறைஞ்சு போச்சு” என்று புகார்கள் நீளும். இன்னொரு பக்கம், 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் ஐரோப்பிய கிளப்புகளில் அதே பழைய டிரான்ஸ் மெட்டுக்குக் கை தூக்கி ஆடுகிறார்கள். இதில் எது உண்மை? டிரான்ஸ் இசையின் தரமும் செல்வாக்கும் நிஜமாகவே சரிந்துவிட்டனவா?

டிரான்ஸ் என்றால் என்ன?

1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட், பெர்லின் நகரங்களில் உருப்பெற்ற நடன இசை இது. டெக்னோவின் இயந்திரத் தாளத்தை எடுத்துக்கொண்டு, அதன்மேல் மனதை உருக்கும் மெலடியைப் போர்த்தினால் கிடைப்பது டிரான்ஸ். நிமிடத்துக்கு ஏறக்குறைய 130 முதல் 140 தாள அடிகள். ஒரு பாட்டு ஏழு, எட்டு நிமிடம் ஓடும்.

அதன் உயிர், பாட்டின் நடுவில் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் தாளம் திடீரென்று நின்றுவிடும். மெலடி மட்டும் தனியாக மிதக்கும். இதற்கு ‘பிரேக்டவுன்’ என்று பெயர். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக பில்டப் ஏறி, உச்சத்தில் தாளம் மறுபடி வந்து விழும். அந்த ஒரு நொடிக்காகத்தான் ஆயிரக்கணக்கானோர் இரவு முழுக்கக் காத்திருந்தார்கள். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1996இல் கொண்டுவந்த ஜே.பி.-8000 என்ற சின்தசைசரின் ‘சூப்பர்சா’ ஒலி, இந்த உச்சத்துக்குப் பெரிய அகலத்தைக் கொடுத்தது. பல அலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சற்றே விலகி ஒலிக்கும் அந்தச் சத்தமே டிரான்ஸின் அடையாளமாகிப்போனது.

இந்தியாவுக்கு இதில் என்ன பங்கு?

சின்னப் பங்கு இல்லை. கோவாவின் அஞ்சுனா கடற்கரையில் வெளிநாட்டுப் பயணிகள் நடத்திய பௌர்ணமி விருந்துகளில் இருந்துதான் ‘கோவா டிரான்ஸ்’ என்ற தனிக் கிளை முளைத்தது. அமெரிக்காவில் இருந்து வந்து அங்கேயே தங்கிவிட்ட கோவா கில் அதன் முகங்களில் ஒருவர். 2023இல் காலமானார். இந்தக் கிளைதான் பின்னர் ‘சைடிரான்ஸ்’ ஆக வளர்ந்து இஸ்ரேல், போர்ச்சுகல், பிரேசில் என்று பரவியது. பிரிட்டனின் ‘அபவ் அண்ட் பியாண்ட்’ குழுவினர் 2000இல் தொடங்கிய ‘அஞ்சுனாபீட்ஸ்’ நிறுவனத்தின் பெயரிலேயே அந்தக் கோவா கடற்கரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

உச்சம் எப்படி இருந்தது?

சரிவைப் பற்றிப் பேச வேண்டுமானால் உயரம் தெரிய வேண்டும். ராபர்ட் மைல்ஸின் ‘சில்ட்ரன்’ 1996இல் ஐரோப்பாவின் பல நாடுகளில் முதலிடத்தைப் பிடித்தது. 1999இல் ஜெர்மானியர் ஏ.டி.பி.யின் ‘9 பி.எம்.’ பிரிட்டன் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. பின்லாந்தின் டரூட் அதே ஆண்டில் வெளியிட்ட ‘சாண்ட்ஸ்டார்ம்’ இன்றுவரை விளையாட்டு மைதானங்களில் ஒலிக்கிறது.

2003இல் நெதர்லாந்தின் டியஸ்டோ, ஆர்னெம் நகரின் கால்பந்து அரங்கில் 25 ஆயிரம் பேர் முன்னால் தனி ஆளாக ஓர் இரவு முழுக்க இசைத்தார். அடுத்த ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில், வீரர்கள் அணிவகுத்து வந்தபோது வாசித்ததும் அவர்தான். ஒலிம்பிக் மேடையில் ஒரு டி.ஜே. நேரடியாக இசைத்தது அதுவே முதல் முறை.

‘டி.ஜே. மேக்’ இதழ் வாசகர் வாக்கெடுப்பின் அடிப்படையில் ஆண்டுதோறும் 100 டி.ஜே.க்கள் பட்டியலை வெளியிடுகிறது. 2002 முதல் 2004 வரை டியஸ்டோ, 2005, 2006இல் பால் வான் டைக், 2007 முதல் 2010 வரை ஆர்மின் வான் பியூரன், மீண்டும் 2012இல் ஆர்மின். 11 ஆண்டுகளில் 10 முறை முதலிடம் டிரான்ஸ் வழி வந்தவர்களுக்கே. அந்த 2012க்குப் பிறகு டிரான்ஸைத் தன் முதன்மை இசையாகக் கொண்ட ஒருவர்கூட அந்த இடத்தைத் தொடவில்லை.

ஏன் சரிந்தது?

முதல் காரணம் காசு. 2010ஐ ஒட்டி அமெரிக்காவில் ‘இ.டி.எம்.’ அலை அடித்தது. லாஸ் வேகாஸ் கிளப்புகளும் பிரம்மாண்டத் திருவிழாக்களும் டி.ஜே.க்களுக்குக் கோடிகளைக் கொட்டத் தொடங்கின. அந்த மேடைக்குத் தேவைப்பட்டது, கேட்ட உடனே பிடித்துக்கொள்ளும் பாட்டு. டியஸ்டோ 2009இல் வெளியிட்ட ‘கலைடோஸ்கோப்’ ஆல்பத்தோடு டிரான்ஸை விட்டு விலகினார். ஆர்மினும் 2013இல் பாப் வடிவிலான ‘திஸ் இஸ் வாட் இட் ஃபீல்ஸ் லைக்’ பாடலோடு வானொலிப் பட்டியல்களில் ஏறினார். அது கிராமி பரிந்துரையும் பெற்றது. பழைய ரசிகர்களுக்கு இது துரோகமாகத் தெரிந்தது. ஆனால் அந்தப் புதிய அலையில் பாதி, டிரான்ஸ் வீட்டில் இருந்து எடுத்துப்போன சாமான்தான். பில்டப், பிரேக்டவுன், சூப்பர்சா எல்லாமே அங்கே இருந்தன. காத்திருப்பு மட்டும் இல்லை.

இரண்டாவது காரணம் நேரம். முன்பு ஒரு டி.ஜே. ஆறு, ஏழு மணி நேரம் இசைப்பார். மெதுவாகத் தொடங்கி, கூட்டத்தைக் கைபிடித்து அழைத்துப்போய், விடியலில் இறக்கிவிடுவார். திருவிழா மேடையில் அவருக்குக் கிடைப்பதோ ஒரு மணி நேரம், மிஞ்சிப்போனால் ஒன்றரை மணி நேரம். எல்லாப் பாட்டும் உச்சமாகவே இருக்க வேண்டிய கட்டாயம். உச்சம் மட்டுமே இருந்தால் எது உச்சம் என்று எப்படித் தெரியும்?

மூன்றாவது, ஸ்ட்ரீமிங். ஒரு பாட்டு 30 விநாடி ஓடினால்தான் ஸ்பாட்டிஃபையில் அது ஒரு முறை கேட்டதாகக் கணக்கில் வரும். எட்டு நிமிடப் பாட்டுக்கும் இரண்டரை நிமிடப் பாட்டுக்கும் அங்கே ஒரே மதிப்பு. இசைத்தட்டுக் காலத்தில் ஒரு டிரான்ஸ் பாட்டின் முதல் ஒன்றரை நிமிடம் வெறும் தாளம்தான். முந்தைய பாட்டோடு அதைக் கலக்க டி.ஜே.க்கு அந்த இடம் தேவைப்பட்டது. இன்றைய கேட்பவர் அதற்குள் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுவார். விளைவு, இசையமைப்பாளர்களே பாட்டை மூன்று நிமிடத்துக்கு வெட்டி வெளியிடுகிறார்கள். முதலில் கத்தி விழுவது பிரேக்டவுனில்தான்.

சரி, தரம் குறைந்துவிட்டதா?

இங்கேதான் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். 1999இன் டிரான்ஸ் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது இருபது, முப்பது பாட்டுகள். அந்த ஆண்டில் வெளியானவை அவ்வளவுதானா? இல்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் போட்ட நகல்கள் நூற்றுக்கணக்கில் வந்தன. அவை மறந்துபோயின. காலம் சலித்துப் போட்டதில் நின்ற மணிகளை, இந்த வாரம் வெளியான மொத்தக் குவியலோடு ஒப்பிடுவது நியாயமான போட்டி இல்லை. வேடிக்கை என்னவென்றால், “டிரான்ஸ் மலிஞ்சு போச்சு, கெட்டுப் போச்சு” என்ற புகார் 2000ஆம் ஆண்டு வாக்கிலேயே பலமாகக் கேட்டது.

வயதும் ஒரு காரணம். இருபது வயதில், நண்பர்களோடு, விடியற்காலையில் கேட்ட பாட்டோடு நாற்பத்தைந்து வயதில் அலுவலகம் போகும் வழியில் இயர்போனில் கேட்கும் பாட்டு போட்டி போட முடியாது. அங்கே மாறியது பாட்டு மட்டும் இல்லையே.

அதற்காகப் புகார் முழுக்கப் பொய் என்றும் தள்ளிவிட முடியாது. 1990களில் ஒரு பாட்டு செய்ய விலையுயர்ந்த கருவிகள் வேண்டும், அவற்றோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டும். இன்று ஒரு மடிக்கணினி போதும். இது நல்ல மாற்றம்தான். பணம் இல்லாத பிள்ளைக்கும் கதவு திறந்திருக்கிறது. ஆனால் அதோடு சேர்ந்து ஆயத்த ஒலித் தொகுப்புகளும், முழுப் பாட்டின் அச்சுகளுமே விலைக்கு வந்துவிட்டன. அதே தாளம், அதே சூப்பர்சா, அதே இடத்தில் அதே உச்சம். “எல்லாம் ஒரே மாதிரி இருக்கு” என்று சொல்பவரின் காதில் கோளாறு இல்லை. நல்ல பாட்டு வருகிறது. ஆனால் அதைக் கண்டுபிடிக்கக் குவியலைக் கிளற வேண்டியிருக்கிறது. முன்பு இசைத்தட்டுக் கடைக்காரரும் வானொலி டி.ஜே.யும் செய்த அந்தச் சலிக்கும் வேலை, இன்று கேட்பவரின் தலையில் விழுந்திருக்கிறது.

கூட்டம் நிஜமாகவே போய்விட்டதா?

போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. ஆர்மின் 2001இல் தொடங்கிய ‘எ ஸ்டேட் ஆஃப் டிரான்ஸ்’ வாராந்திர நிகழ்ச்சி 2021இல் ஆயிரமாவது வாரத்தைத் தாண்டி இன்னும் ஓடுகிறது. அதன் ஆண்டு விழாவுக்கு நெதர்லாந்தில் பல நாட்டு ரசிகர்கள் கூடுகிறார்கள். போர்ச்சுகலின் பூம் திருவிழா 1997 முதல் சைடிரான்ஸ் ரசிகர்களைச் சேர்த்துவருகிறது.

இதைவிட முக்கியமானது இளைய தலைமுறை. 1990இல் வெளியாகி, 1992இன் ‘ஜாம் அண்ட் ஸ்பூன்’ ரீமிக்ஸால் புகழ்பெற்ற ‘தி ஏஜ் ஆஃப் லவ்’ பாட்டை 2021இல் பெல்ஜியத்தின் ஷார்லட் டி விட்டேயும் இத்தாலியின் என்ரிகோ சாஞ்சுலியானோவும் மறு ஆக்கம் செய்தார்கள். டெக்னோ மேடைகளில் அது பற்றிக்கொண்டது. கொரோனாவுக்குப் பிறகு ஐரோப்பிய கிளப்புகளில் வேகமான தாளமும் டிரான்ஸ் மெலடியும் கைகோத்து வருகின்றன. டி.ஜே.க்கள் பாட்டு வாங்கும் பீட்போர்ட் தளம், டிரான்ஸ் பிரிவையே இரண்டாகப் பிரித்தது: பெருமேடை டிரான்ஸ் ஒரு பக்கம், கரடுமுரடான, ஆழமான, மயக்கும் வகை இன்னொரு பக்கம். செத்துப்போன ஒன்றுக்கு யாரும் இரண்டு அலமாரி ஒதுக்க மாட்டார்கள்.

கவலைப்பட வேண்டியது எதற்கு?

பட்டியலில் முதலிடம் போனது பெரிய இழப்பு இல்லை. எந்த இசையும் எப்போதும் உச்சியிலேயே உட்கார்ந்திருந்தது கிடையாது. கவலைப்பட வேண்டியவை வேறு இரண்டு.

ஒன்று, பழைய பாட்டையே திரும்பத் திரும்பச் சூடேற்றிப் பரிமாறுவது. ‘9 பி.எம்.’ மெட்டு 2021இல் ‘யுவர் லவ்’ ஆகவும், 1990களின் கடைசியில் வந்த ‘பெட்டர் ஆஃப் அலோன்’ மெட்டு 2023இல் கிம் பெட்ராஸின் ‘அலோன்’ ஆகவும் திரும்பி வந்தன. இளையவர்கள் வாசலுக்கு வர இது உதவும். ஆனால் 2045இல் மறு ஆக்கம் செய்ய இன்றைய பாட்டு ஏதாவது இருக்குமா? புதிதாக வருபவருக்குத் திருவிழா மேடையும் இல்லாமல், ஸ்ட்ரீமிங்கில் சில்லறைக் காசும் தேறாமல் போனால், அவர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்? டிரான்ஸின் எதிர்காலம் தொங்குவது இந்தக் கேள்வியில்தான்.

இரண்டு, ரசிகர்களின் வாசல் காவல். தாளம் கொஞ்சம் மாறினாலும் “இது டிரான்ஸே இல்ல” என்று விரட்டுவது பல மூத்த ரசிகர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. அவர்கள் கொண்டாடும் பாட்டுகளும் ஒரு காலத்தில் டெக்னோ ரசிகர்களால் “இதெல்லாம் டெக்னோவா?” என்று ஏளனம் செய்யப்பட்ட இசையில் இருந்து வந்தவைதான். புதியவர்களை விரட்டிவிட்டு, கூட்டம் குறைந்துபோச்சே என்று வருந்துவதில் பொருள் இல்லை.

ஆக, டிரான்ஸின் புகழ் உச்சியில் இருந்து இறங்கியது உண்மை. தரம் மொத்தமாகச் சரிந்தது என்பது உண்மை இல்லை. சரிந்தது அந்தத் தரம் வெளிப்படத் தேவையான நேரமும் பொறுமையும்தான். அதைப் பாட்டு போடுபவர் மட்டும் தனியாக மீட்டுத் தர முடியாது. எட்டு நிமிடப் பாட்டை எட்டு நிமிடமும் கேட்க ஆள் இருந்தால், அதைச் செய்யவும் யாராவது ஒருவர் எங்காவது ஒரு சின்ன அறையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பார்.